கோழி எரு இறக்குவதற்கு முன்னால் உழவு வண்டியைப் பேசிவிடுங்கள்

ஈரோடு மாவட்டத்தில் மொடக்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். கிணறு உண்டு, கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் உண்டு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். குஜராத், மகாராஷ்டிரா என்று கிளம்பினால் திரும்பி வர நாளாகும். மாமனார் பக்கவாதம் வந்து படுத்த பிறகு பண்ணையம் முழுக்க என் பொறுப்புக்கு வந்தது. மஞ்சள்தான் எங்களுக்குப் பிரதானம். கிழங்கை அப்படியே மண்டிக்கு அனுப்பாமல், வேகவைத்துக் காயவைத்து அரைத்துப் பொடியாக, தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்க ஆரம்பித்திருந்தேன். யூரியா போடாத மஞ்சள் என்று சொல்லித்தான் விற்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்கினார்கள்.

யூரியா இல்லாமல் மஞ்சள் எடுக்க வேண்டுமென்றால் குப்பை, அதாவது எரு, நிறைய வேண்டும். மஞ்சள் சாப்பாட்டுராமன் பயிர். ஒன்பது மாதம் நிலத்தில் கிடந்து தின்றுகொண்டே இருக்கும். ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் போடச் சொல்வார்கள். எங்களிடம் இருப்பது இரண்டு மாடு. அதனால் ஊரில் மற்றவர்கள் செய்வதுபோல நானும் நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டைக்கோழிப் பண்ணை எரு வாங்குவது என்று முடிவு செய்தேன். தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் என்றால் கோழி எருவில் 3 சதவீதம் என்று வேளாண் பல்கலைக்கழகக் கணக்கே சொல்கிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரண்டரை சதவீதத்துக்கு மேல். கேட்டவுடனே யாருக்கும் ஆசை வரும்.

பங்குனிக் கடைசியில் புரோக்கர் ஒருவர் மூலம் இரண்டு லோடு வந்தது. வண்டி வாடகையோடு லோடு 19,000 ரூபாய். லோடுக்குப் பத்து டன் என்று சொன்னார். கூண்டுக்கு அடியில் சேர்ந்திருந்ததை அப்படியே வழித்துக் கொண்டுவந்திருந்தார்கள். பாதிக்குப் பாதி ஈரம். இப்போது திரும்பிப் பார்த்தால் அங்கேயே பணத்தில் பாதி தண்ணீருக்குப் போய்விட்டது. “இப்ப வாங்கிப் போட்டாத்தான் அம்மணி, வைகாசில வெல ஏறிப்போகும்” என்றார். விலை ஏறியது உண்மைதான், அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நடவுக்கு ஒன்றரை மாதத்துக்கும் மேல் இருந்தது. எரு எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்துக்கு அந்தப்புறம், வெட்டவெளியில் அம்பாரமாகக் கிடந்தது. ஊரில் எல்லோருடைய குப்பையும் அப்படித்தான் கிடக்கும், யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் கொஞ்ச நாள் பெரிய தொந்தரவு இல்லை. மேலே காய்ந்து பொருக்குத் தட்டிப்போனது. சித்திரையில் ஒரு கோடை மழை, அரை மணி நேரம் இருக்கும், பெய்துவிட்டுப் போனது. அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள். வாசலில் நின்றால் மூக்கைப் பிடித்து இழுக்கிற காரமான நெடி. சாணி நாற்றம் மாதிரி இல்லை, முகத்துக்கு நேராக ஊசி குத்துவதுபோல இருக்கும். மாமியாருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்கினார். ஈ என்றால் சோற்றுத் தட்டில் கையை எடுத்தால் கறுப்பாக மொய்க்கும். பக்கத்துத் தோட்டத்து அக்கா, என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், வேலியோரம் வந்து நின்று, “ஏனுங் அம்மணி, நாங்க குடியிருக்கிறதா இல்ல ஊரக் காலி பண்ணிட்டுப் போறதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவர் எங்கோ டோல்கேட்டில் நிற்கிறார், அவர் என்ன செய்ய முடியும்.

ஈ ஒழிய சுண்ணாம்பு தூவச் சொன்னார்கள். ஒருவர் இருவர் இல்லை, கேட்ட எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தாளித்த சுண்ணாம்புத்தூள் நாலு மூட்டை வாங்கி, ஒரு ஆளை வைத்துக்கொண்டு நானும் சேர்ந்து ஈரக்குவியல் மேல் தூவினேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திரும்புவதற்குள் கண் எரிய ஆரம்பித்தது. மண்வெட்டியால் லேசாகக் கிளறிவிட்டதும் அடித்ததே ஒரு வீச்சு, மூச்சு அப்படியே நின்றுபோனது. கூட வந்த அண்ணன் கூடையைப் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்து ஓடினார். இரண்டு பேரும் தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு இருமியது இன்னும் நினைவிருக்கிறது. அவருக்குச் சாயங்காலம் வரை கண் சிவந்தே இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கூலிக்கு வந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

இது ஏன் நடந்தது என்பதைப் பிறகு வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணியல் பார்க்கிற மேடம் ஒருவர் சொன்னார். எரிச்சல்படாமல், நோட்டில் படம் போட்டு விளக்கினார். கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல இருக்குமே, அது யூரிக் அமிலம். கோழி தனியாக மூத்திரம் பெய்வதில்லை, மாட்டுக்கு மூத்திரத்தில் போகிற சத்து கோழிக்கு அந்த வெள்ளையில் இருக்கிறது. புது எச்சத்தில் இருக்கிற தழைச்சத்தில் பாதிக்கு மேல் அதில்தான். காய்ந்து கிடக்கும்வரை அது பத்திரமாக இருக்கும். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம். ஒன்று தண்ணீரிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்கிற அம்மோனியம், மற்றொன்று காற்றோடு போகிற வாயு. எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கார அமில நிலை தீர்மானிக்கிறது. அதை அளக்கிற எண்தான் பி.ஹெச், 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம். பி.ஹெச் 7ல் இருந்தால் நூறில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 9க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு வாயு. சுண்ணாம்பைப் போட்டு 12க்கு ஏற்றினால் கிட்டத்தட்ட எல்லாமே வாயுதான். வெயில் ஏற ஏற இன்னும் வேகம். அன்றைக்கு எங்கள் கண்ணை எரித்தது நான் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய தழைச்சத்து.

சுண்ணாம்புக்கு என்ன நியாயமோ அதுதான் அடுப்புச் சாம்பலுக்கும், ரைஸ்மில் சாம்பலுக்கும். சாம்பலும் காரம். எருக்குழியில் சாம்பல் கொட்டுவது நம் ஊரில் வழிவழியாக இருக்கிற பழக்கம், எங்கள் வீட்டிலும் உண்டு. சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) இருக்கிறது, அதை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தனியாக ஒரு மூட்டையில் கட்டி வைத்து, தென்னைக்கோ வாழைக்கோ நேராகப் போடுங்கள். சாணி, கோமியம், கோழி எரு மூன்றோடும் சேர்க்காதீர்கள். நூறு தரம் சொல்லலாம் என்று தோன்றுகிற விஷயம் இது.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வைகாசியில் இன்னொரு மழை விழுந்ததும் ஊரே உழவில் இறங்கியது. எருவை ஆள் வைத்துத் தோட்டம் முழுக்க இறைத்துவிட்டேன். இறக்கி இறைக்க மட்டும் 9,000 ரூபாய் ஆனது. மறுநாள் வருகிறேன் என்ற டிராக்டர்காரர் மறுநாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வாரம் எரு மண் மேலேயே கிடந்தது. பகலில் வெயில், ராத்திரி பனி, நடுவில் ஒரு தூறல். எங்கள் மண் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்தது, மண் பரிசோதனைச் சீட்டில் பி.ஹெச் 8க்கு மேல். அந்த மண் மேல் ஈர எரு ஒரு வாரம் கிடந்தால் என்ன மிஞ்சும்? கோழி எருவைத் திறந்து போட்டால் 30 நாளில் தழைச்சத்தில் பாதி போய்விடும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எழுதி வைத்திருக்கிறது. என்னுடையது அதைவிட அதிக நாள் அம்பாரத்தில் கிடந்து, அதற்கு மேல் ஒரு வாரம் நிலத்தின் மேலும் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது டன் எருவில் பாதி தண்ணீர் என்று வைத்தால் காய்ந்த எரு பத்து டன். 3 சதவீதம் என்றால் 300 கிலோ தழைச்சத்து. பாதி போனாலும் 150 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. ஏழு மூட்டைக்கு மேல் காற்றில் விட்டிருக்கிறேன். இதைச் சொன்னால், “மானிய விலையில் ஏழு மூட்டை யூரியா ரெண்டாயிரம் ரூபாய்கூட வராதே, இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரே கேட்டார். யூரியா போடுகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. யூரியா போடாமல் விளைவிக்க நினைக்கிறவருக்கு எருவில் இருக்கிறதுதான் மொத்த இருப்பு. அது போய்விட்டால் கடையில் வாங்கி நிரப்ப முடியாது. அதுவும் மூக்கில் ஏறி, மாமியார் நெஞ்சில் ஏறி, அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துவிட்டுப் போகிறது.

முளைப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அம்பாரம் கிடந்த இடத்தை, அடியில் சத்து ஊறியிருக்கும் என்று ஆசைப்பட்டு, அதையும் சேர்த்து உழுது விதைக்கிழங்கு ஊன்றியிருந்தோம். அந்த வட்டத்தில் முளையே இல்லை. தோண்டிப் பார்த்தால் கிழங்கின் குருத்து பழுப்பேறிக் கருகியிருந்தது. அங்கே மட்டும் உப்பும் அம்மோனியமும் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் முளைத்தது, ஆனால் ஆடி பிறந்தபோது இலை வெளிறி, அடி இலை மஞ்சளாகிக் கிடந்தது. ஒரே தோட்டத்தில் ஒரு மூலையில் சத்து அதிகமாகிச் செத்தது, மீதி இடத்தில் சத்து இல்லாமல் வெளுத்தது. மிச்சம் இருந்த எருவில் ஒரு கைப்பை எடுத்துப்போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். தழைச்சத்து ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே என்று வந்தது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக மட்டும் இல்லை. பயிரைக் காப்பாற்ற யூரியா போட்டே ஆக வேண்டிய நிலை. போட்டேன். போட்டுவிட்டு, பொடி வாங்குகிறவர்களிடம் இந்த வருஷம் யூரியா போட்டிருக்கிறேன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். பாதிப் பேர் பரவாயில்லை என்றார்கள், பாதிப் பேர் அந்த வருஷம் வாங்கவில்லை. எருவுக்குப் போனது, சுண்ணாம்பு, மறுபடி ஊன்றிய விதைக்கிழங்கு, குறைந்த விளைச்சல், வராமல் போன பொடி வியாபாரம் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும்.

அடுத்த வருஷம் எருவே வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. எருவில் கோளாறில்லை, அதை வைத்திருந்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு விட முடியுமா. அந்த மேடம் சொன்னதையும், பல்லடம் பக்கம் கோழி எருவை மட்க வைத்து விற்கிற ஒரு பெரியவர் காட்டிக்கொடுத்ததையும் சேர்த்துச் செய்து பார்த்தேன். இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் வாங்கும்போதே காய்ந்த எருவாகக் கேட்டு வாங்குகிறேன். விலை கூடத்தான், ஆனால் அதில் வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். வண்டியிலேயே நெடி அடித்தால் அதன் அர்த்தம், சத்து ஏற்கெனவே கிளம்பிவிட்டது. எரு வந்தால் வைக்கிற இடம் மேடாக, தண்ணீர் நிற்காத இடமாக, நிழலாக இருக்க வேண்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். வந்த அன்றைக்கே தார்ப்பாய் மூடி ஓரத்தில் கல் வைத்துவிட வேண்டும். மழை படாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஈர எருதான் கிடைத்தது என்றால் அதைத் தனியாகக் குவிக்காமல் தென்னைநார்க் கழிவோடு சேர்த்து மட்க வைப்பதே நல்லது. காங்கேயம் பக்கம் நார் மில்களில் கிடைக்கிறது. கோழி எருவில் கரி (கார்பன்) குறைவு, தழைச்சத்து அதிகம். நார்க்கழிவில் நேர்மாறு, ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரி. நுண்ணுயிர்களுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரி கிடைத்தால் அவை தழைச்சத்தைத் தம் உடம்பிலேயே கட்டிக்கொள்ளும், வெளியே விடாது. கரி இல்லாவிட்டால் மிச்சமான தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறிவிடும். நான் ஒரு அடுக்கு நார்க்கழிவு, ஒரு அடுக்கு எரு என்று போட்டு, அடியிலும் மேலேயும் நார்க்கழிவே வருகிற மாதிரி முடிக்கிறேன். நார்க்கழிவு கிடைக்காதவர்கள் கரும்புச் சோகையோ, துண்டாக்கிய மஞ்சள் தழையோ, மக்காச்சோளத் தட்டோ போடலாம். மேலே நாலு விரற்கடை பழைய மட்கிய உரம் அல்லது தோட்டத்து மண் மூடினால், கீழிருந்து வருகிற அம்மோனியாவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. முதல் சில வாரம் குவியல் நன்றாகச் சூடேறியிருக்கும், அப்போது அடிக்கடி கிளறினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும். சூடு தணிந்த பிறகு கிளறுங்கள், சாயங்காலத்தில் கிளறுங்கள்.

நார்க்கழிவோடு நான் சேர்ப்பது ஜிப்சம், நிலக்கடலைக்குப் போடுகிற அதே ஜிப்சம்தான். அதில் இருக்கிற சல்பேட் அம்மோனியத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டாகிவிடும், அது லேசில் ஆவியாகாது. நான் டன் எருவுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று என்று அடுக்குக்கு அடுக்கு தூவுகிறேன். சூப்பர் பாஸ்பேட்டும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் கோழி எருவில் ஏற்கெனவே மணிச்சத்து நிறைய இருப்பதால் எனக்கு ஜிப்சம் போதும் என்று தோன்றியது. ஒரு எச்சரிக்கை: திறந்த குவியலில், காற்றோட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் ஜிப்சம் போடுங்கள். மூடிய சாணக் குழியிலோ, கோபர் கேஸ் தொட்டியிலோ போடாதீர்கள். காற்றில்லாத இடத்தில் சல்பேட் இருந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும், அது ஆளைக் கொல்லும். டென்மார்க்கில் சாணக் கரைசலில் கந்தக அமிலம் கலந்து பி.ஹெச்சை இறக்குகிறார்களாம், அமெரிக்காவில் கோழிக்கொட்டகைத் தரையில் அலுமினியம் சல்பேட் தூவுகிறார்கள். நோக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், காரத்தைக் குறைப்பது. நம் தோட்டத்தில் அமிலத்தைக் கையாளுகிற வேலையெல்லாம் வேண்டாம், ஜிப்சமே பயமில்லாதது.

குவியலிலிருந்து அம்மோனியா போகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது இல்லையா, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அம்மோனியாவும் காரம். வெள்ளைத் துணியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, கைக்குட்டை அளவு கிழித்து, மறுபடி ஈரமாக்கிக் குச்சியில் கட்டிக் குவியலுக்கு ஒரு சாண் மேலே நட்டு வைக்கிறேன். மூடாத ஈர எரு மேல் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து செம்பழுப்பு ஏறிவரும். நார்க்கழிவும் மண்ணும் மூடிய குவியல் மேல் வைத்தால் துணி வெகுநேரம் மஞ்சளாகவே இருக்கிறது. எங்கே சிவக்கிறதோ அந்த இடத்தில் இன்னொரு கூடை மண் போடுகிறேன். வெறும் மூக்கை நம்பக் கூடாது, தினமும் அங்கேயே இருந்தால் மூக்கு பழகிப்போகும். துணியை எடுத்துக் காற்றில் விரித்து வைத்தால் நிறம் மெல்லத் திரும்பிவிடும், அதனால் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நிலத்தில் போடுவது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், செலவே இல்லாததும் இதுதான். டிராக்டர் வந்து வரப்பில் நின்ற பிறகுதான் எருவை இறைக்க வேண்டும். ஒரு பக்கம் ஆட்கள் இறைத்துக்கொண்டே போக, பின்னாலேயே ரோட்டவேட்டர் வர வேண்டும். வண்டி எவ்வளவு ஓட்டுமோ அவ்வளவுதான் அன்றைக்கு இறைப்பது. டிராக்டர் நடுவில் நின்றுபோனால் இறைப்பதையும் நிறுத்திவிடுகிறேன், மீதி எரு தார்ப்பாய்க்குள்ளேயே இருக்கட்டும். மண்ணுக்குள் நாலு விரற்கடை இறங்கிவிட்டால் களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டு எருவைக் கொண்டுபோய் நிலத்தில் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டு வாரக்கணக்கில் விட்டு வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதிலும் இதே நஷ்டம்தான். மூன்று மணி வெயில் இறங்கிய பிறகு ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிக்கிறேன். டிராக்டர்காரருக்கு அந்த நேரம் பிடிக்காது, மணிக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன், வந்தார். உழுது முடித்த பிறகு ஒரு தண்ணீர் கட்டினால் இன்னும் உள்ளே இறங்கும். உழுவதற்கு முன்னால் லேசாக நனைப்பது மட்டும் கூடாது. தூறல் அளவு ஈரம் யூரிக் அமிலத்தைக் கிளப்பிவிடும், கீழே இறக்காது. ரெண்டுங்கெட்டான் நிலை அது.

டிராக்டரே கிடைக்கவில்லை என்றால் பாரில், அதாவது கிழங்கு ஊன்ற மண்ணைக் கூட்டி எடுக்கிற நீள மேட்டில் போடலாம். பார் எடுக்கிற இடத்தில் எருவை வரிசையாகக் கொட்டி, பார் அணைக்கும்போது மண் அதன் மேல் வந்து மூடுகிற மாதிரி செய்தால் இறைப்பதைவிட இழப்பு குறைவு. விதைக்கிழங்கு நேராக எரு மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் என் வட்டத்துக்கு நேர்ந்ததுதான். மட்காத எருவாக இருந்தால் உழுத பிறகு மூன்று நாலு வாரம் விட்டு ஊன்றுங்கள். மட்கியதாக இருந்தால் அவ்வளவு காக்க வேண்டியதில்லை.

மட்க வைப்பதா, காய்ந்ததை நேராக உழுவதா, எது நல்லது என்று பலர் கேட்கிறார்கள். மட்க வைக்கும்போது என்னதான் மூடினாலும் கொஞ்சம் தழைச்சத்து போகத்தான் செய்யும். சத்து மட்டும் கணக்கு என்றால் காய்ந்த எருவை உடனே உழுதுவிடுவதுதான் சிக்கனம். ஆனால் மட்கியதில் களை விதை, கிருமி, ஈப்புழு பெரும்பாலும் சூட்டில் செத்துப்போகும், சத்தும் நிதானமாக வெளிவரும், ஒன்பது மாதப் பயிருக்கு அது ஒத்துப்போகிறது. நான் இப்போது பாதியைக் காய்ந்ததாக அடியுரத்துக்கும், மட்கியதை ஆடி, ஆவணி மண் அணைப்புக்கும் வைத்துக்கொள்கிறேன். மண் அணைக்கும்போது எருவைத் தூரில் வைத்து அப்போதே மூடிவிடுகிறோம். இன்னொன்று, சத்தைப் பறக்க விடாமல் பிடித்து வைத்தால் எருவின் அளவையும் குறைக்க வேண்டும். பழைய அளவே போட்டால் மிச்சமானது நைட்ரேட்டாகிக் கிணற்றுத் தண்ணீருக்கு இறங்கும். இப்போது இரண்டு லோடுக்குப் பதிலாக ஒன்றேகால் லோடுதான் வாங்குகிறேன்.

மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோமியத்தில் இருக்கிற யூரியாவை உடைக்கிற நொதி சாணத்தில் இருக்கிறது. இரண்டும் தரையில் கலந்து கிடந்தால் சில மணி நேரத்திலேயே நெடி வந்துவிடும். கட்டுத்தரையைக் கொஞ்சம் சரிவாக்கிக் கோமியம் தனியாக ஓடிக் குடத்தில் சேர வழி செய்யுங்கள். சேர்ந்ததை மூடி போட்ட கேனில் வையுங்கள். திறந்த வாளியில் வைத்தால் தழைச்சத்து காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். மண் தரையாக இருந்தால் வறண்ட மண்ணோ சோகையோ பரப்பி, ஊறியதை அள்ளி எருக்குழியில் போடுங்கள், அதுவே நல்ல எரு. கோபர் கேஸ் கழிவை மத்தியானத்தில் பயிர் மேல் ஊற்றாமல், தண்ணீர் கட்டும்போது வாய்க்காலில் விட்டுவிடுங்கள்.

போன வருஷம் யூரியா ஒரு மூட்டைகூட வாங்கவில்லை. ஆடியில் அடி இலை பச்சையாகவே இருந்தது. வேலியோரத்து அக்காவுக்கு நார்க்கழிவு லோடில் நாலு மூட்டை கொடுத்தேன், அவரும் தன் எருக்குழியில் போட்டிருக்கிறார். பொடி வாங்காமல் போனவர்களில் சிலர் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார்கள், எல்லோரும் வரவில்லை. எரு வேலை நாளில் ஆட்களுக்குக் கண்ணாடியும் முகத்துக்குத் துணியும் கொடுக்கிறேன், பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வைக்கிறேன். கண்ணில் பட்டால் தேய்க்காமல் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வீசிங் இருக்கிறவர்களை அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள். மாமியாரை நான் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.